லிதுவேனியாவும் ரஷ்யாவும் பகிர்ந்துகொள்ளும் கூரோனியக் காயலுக்குப் போய் வரலாமா? எப்படித் திட்டமிடுவது?

கட்டாயம் போய் வரலாம். ஆனால் பெரும்பாலோர் செய்வதுபோல நிடா ஊரின் மணல்மேட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிட்டால், காயலைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மேற்கே இருக்கும் மணல்திட்டு, கிழக்கே இருக்கும் நெமுனாஸ் ஆற்றின் கழிமுகம் ஆகிய இரண்டு கரைகளிலும் தங்கினால்தான் அந்த நீர்நிலையின் இயல்பு பிடிபடும் என்பது நான் அங்கே போய் வந்த பிறகு உறுதியாகக் கொண்ட கருத்து.

பால்டிக் கடலின் தென்கிழக்குக் கரையில் ஏறத்தாழ 1,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் இக்காயல் விரிந்திருக்கிறது. வடபகுதி லிதுவேனியாவுக்கும், அதைவிடப் பெரிய தென்பகுதி ரஷ்யாவின் கலினின்கிராட் மாநிலத்துக்கும் உரியவை. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழமோ நான்கு மீட்டரைத் தொடாது. கடலையும் காயலையும் பிரித்து நிற்பது 98 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மணல்திட்டு. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 400 மீட்டர்தான். வடகோடியில் கிளைப்பெடா துறைமுகத்தை ஒட்டிய ஒரே முகத்துவாரத்தின் வழியாகத்தான் காயல் கடலோடு கலக்கிறது. நெமுனாஸ் ஆறு இடைவிடாமல் நீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நன்னீர். பலத்த காற்று கடலை உள்நோக்கித் தள்ளும் நாள்களில் மட்டும் வடபகுதியில் உப்பு ஏறும். ஆழம் குறைந்த நீர் என்பதால் காற்று எழுந்த சிறிது நேரத்திலேயே குட்டையான, செங்குத்தான அலைகள் கிளம்பிவிடுகின்றன. ஆகையால் கரையிலிருந்து பார்க்கக் குளம்போல் தெரிகிறதே என்று நம்பிச் சிறு படகில் தனியே வெகுதூரம் போகாதீர்கள்.

அங்கே போகும் வழி எளிது. தலைநகர் வில்னியஸிலிருந்து ரயிலில் கிளைப்பெடாவுக்கு வந்து, நீரிணையைப் படகில் கடந்தால் மறுகரையில் ஸ்மில்டினே. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பேருந்தில் தெற்கே போனால் நிடா. சொந்த வண்டியில் போகிறவர்கள் வழியில் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

நிடாவில் முதலில் பார்க்க வேண்டியது காயல் கரையில் நட்டிருக்கும் மரக் காற்றுக்காட்டிகளை. 1844ஆம் ஆண்டில் மீன்பிடிக் கண்காணிப்பாளராக இருந்த எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் பேர்போம், எந்த ஊர்ப் படகு எங்கே வலை வீசுகிறது என்பதைத் தொலைவிலிருந்தே அறிவதற்காக, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி நிறமும் வடிவமும் கொண்ட கொடியைப் பாய்மரத்தின் உச்சியில் கட்ட வேண்டும் என்று விதித்தார். கட்டுப்பாட்டுக்காக வந்த அந்தக் கொடியைச் சுற்றி மீனவர்கள் காலப்போக்கில் வீடு, மரம், மனிதர், விலங்கு என்று செதுக்கிச் சேர்த்துத் தங்கள் குடும்பத்தின் அடையாளமாகவே மாற்றிக்கொண்டார்கள். அவற்றின் கீழே ஓடிய படகுகளும் இந்த நீருக்கென்றே அமைந்தவை. அடிப்பாகம் தட்டையாக இல்லாத படகு இங்கே தரைதட்டிவிடும்.

ஊரின் தெற்கே ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் பார்னிடிஸ் மணல்மேடு நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலும் தெரியும். அந்த அழகுக்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் காடுகளை வெட்டித் தீர்த்ததால் கட்டவிழ்ந்த மணல் காற்றோடு நகர்ந்து பல ஊர்களை மூடியது. கார்வைச்சியாய் என்ற ஊர் அப்படித்தான் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பைன் கன்றுகளை நட்டுத்தான் மணலை நிறுத்தினார்கள். இன்று எஞ்சியிருக்கும் திறந்த மணல்மேடுகள் காலடிகளால் சரிந்து உயரம் குறைந்துவருகின்றன. போடப்பட்டிருக்கும் மரப்படிகளை விட்டு இறங்காதீர்கள் என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறேன்.

எல்லையைப் பற்றிப் பலருக்கும் ஆவல் இருக்கும். நிடாவுக்குச் சற்றுத் தெற்கே மணல்திட்டைக் குறுக்காக வெட்டும் அந்தக் கோடு, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையில் பிறந்தது. 1945க்குப் பிறகு அது ஒரே சோவியத் நாட்டின் இரண்டு குடியரசுகளுக்கு இடையிலான கோடாகச் சுருங்கியது. இப்போதோ ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியெல்லை. லிதுவேனியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா மறுபக்கத்தில் செல்லாது. எல்லையை ஒட்டிய மணற்பகுதி காப்பகமாக இருப்பதால் அங்கே நடந்து போகவும் அனுமதி இல்லை. ஒரே பயணத்தில் இரண்டு பக்கத்தையும் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. இவ்வளவு பிரிவினைக்கு நடுவிலும் யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் மணல்திட்டு முழுவதையும், இரு நாட்டுப் பகுதிகளையும் சேர்த்து, ஒரே உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

கிழக்குக் கரைக்குக் கோடையில் நிடாவிலிருந்து படகு கிடைக்கும். சாலை வழியென்றால் கிளைப்பெடாவுக்குத் திரும்பி நூறு கிலோமீட்டருக்கும் மேல் சுற்ற வேண்டும். மிங்கே என்ற சிற்றூரில் ஆறே தெருவாக இருக்கிறது. வீடுகள் இரு கரையிலும் நீரைப் பார்த்து நிற்கின்றன. வென்ட்டே முனையில் 1929 முதல் பறவைகளுக்கு அடையாள வளையமிடும் நிலையம் ஒன்று இயங்குகிறது. இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து கரையோரமாகத் தெற்கே பறந்துவரும் சிறு பறவைகள், நிலம் முடியும் இந்த முனையில் வந்து குவிகின்றன. அவற்றைப் பெரிய வலைக்கூடுகளில் பிடித்து, காலில் வளையமிட்டு, உடனே பறக்க விடுகிறார்கள். நேரம் குறைவாக இருந்தால் நிடாவின் கடைவீதியைக்கூட விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

குளிப்பதற்குக் கடல் பக்கம் போங்கள். ஆறு கொண்டுவரும் உரச்சத்தால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காயலில் நீலப்பச்சைப் பாசி பெருகி, நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் ஆகிவிடும்; அது நச்சுத்தன்மை உடையதாகவும் இருக்கக்கூடும் என்பதால் குழந்தைகளை அதில் இறங்க விடக் கூடாது. என் தேர்வு செப்டம்பர்: கூட்டம் குறைந்திருக்கும், பறவைகள் வந்துகொண்டிருக்கும், கரையோரக் கடைகளில் புகையூட்டிய விலாங்கும் பிற மீன்களும் கிடைக்கும். குளிரைத் தாங்குகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போனால், வெள்ளரிக்காய் வாசம் வீசும் ஸ்டிண்டா என்ற சிறு மீனைப் பிடித்த கையோடு பொரித்துத் தருவார்கள். அந்த நாள்களில் காயல் உறைந்து கிடந்தாலும், உள்ளூர் மீனவர்கள் நடமாடாத பனிப்பரப்பில் நீங்களாகக் கால் வைக்க வேண்டாம்.