கைப்பிடித் திருகாணி தளர்வது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் கோல்ட் 1911 கைத்துப்பாக்கியில் கைப்பிடித் திருகாணிகள் அடிக்கடி தளர்வதைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். பக்கத்துக்கு இரண்டாக உள்ள அந்தச் சிறு திருகாணிகளின் இறுக்கத்தை, ஒவ்வொரு முறை சுடும்போதும் எழும் அதிர்வும், கைப்பிடியின் மரத்தகடு ஈரப்பதத்துக்கேற்பச் சுருங்கி விரிவதும் சேர்ந்து குறைக்கின்றன. குண்டுகளை அகற்றி, குழலறையும் காலி என்பதைக் கண்ணால் உறுதிசெய்த பிறகு, திருகாணித் தலைக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையத்தைப் பொருத்துவதையே முதலில் பரிந்துரைப்பேன். அது இடைவிடாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு நீல நிற லாக்டைட் 242 பசையை மிகச் சிறு துளி இடுவதும் பலன் தரும். சிவப்பு வகையைத் திருகாணிக்கு இட வேண்டாம். கழற்றச் சூடேற்ற வேண்டியிருக்கும் என்பதோடு, துப்பாக்கியின் உலோகச் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் புஷ்ஷும் (திருகாணி உள்ளே பொருந்தும் சிறு உலோகக் குழல்) திருகாணியுடன் சேர்ந்து வெளியே வந்துவிடலாம். பலம் கொண்டமட்டும் முறுக்குவதும் தீர்வாகாது, மரத்தகடு விரிசல் விடும்.