அஸ்பரகஸ் வாடுகிறது: வர்க்கத்தை மாற்றினால் போதுமா?

கேள்வி: நிலாவெளியில் கால் ஏக்கரில் அஸ்பரகஸ் வைத்திருக்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. கரையோர ஹோட்டல்களுக்கு நாள்தோறும் தளிர் வெட்டிக் கொடுக்கிறேன். இப்போது செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்கின்றன. பக்கத்துக் கத்தரி வேரில் முடிச்சுகள் இருப்பதால் இதுவும் வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழுதான் என்று கடைக்காரர் குருணை மருந்து தந்தார். வாடலையும் புழுவையும் தாங்கும் வர்க்கம் எது? அதே பாத்தியில் திரும்ப நடலாமா?

பதில்: தம்பி, அந்தக் குருணையில் இனி ஒரு பிடியும் போடாதீர்கள். கத்தரி வேரில் முடிச்சுப் போடும் புழு அஸ்பரகஸில் எளிதாகப் பெருகாது. புழுவுக்கு ஆகாத அஸ்பரகூசிக் அமிலம் அதன் வேரிலேயே இருக்கிறது. ஒரு செடியைக்கூடக் கிண்டிப் பார்க்காமல், நாள்தோறும் வெட்டி உண்ணும் பயிருக்கு நஞ்சு விற்பது பெருந்தவறு. உங்கள் மணல் தரையில் அது கிணற்றுக்கும் இறங்கும்.

வாடிய செடியைக் கிண்டி, அடிக்கிழங்கை நெடுக்காக வெட்டுங்கள். உள்ளே செம்பழுப்பு ஓடி, சதைப்பற்றான வேர்கள் வெறும் கோதாகக் கிடந்தால் அது பியூசேரியம் என்ற வாடல்நோய்ப் பங்கசு (பூஞ்சை). அதை முழுதாக எதிர்க்கும் வர்க்கம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜெர்சி ஜயன்ட் ஓரளவு தாங்கும். அது ஆண் செடிகளே வரும் கலப்பினம். காய்க்குச் சத்துப் போகாது. பழைய மேரி வாஷிங்டன் வர்க்கம் துரு நோயைத் தாங்குவதற்காகத் தெரிவு செய்யப்பட்டது. வாடலுக்கு அதை நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எவ்வளவு வெட்டலாம் என்பதை. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் மேற்செடி பட்டுப்போய் வேர் ஓய்வெடுக்கும். திருகோணமலையில் அந்த ஓய்வு கிடையாது. முளைத்ததையெல்லாம் நீங்கள் வெட்டினால், இலைத்தொகுதி இல்லாத செடி வேரில் எதைச் சேமிக்கும்? சேமிப்புத் தீர்ந்து நலிந்த வேருக்குள்தான் மண்ணில் காத்திருக்கும் பங்கசு நுழைகிறது. தாய்வானிலும் தாய்லாந்திலும் தாய்த்தண்டு முறையைக் கையாளுகிறார்கள். ஒவ்வொரு செடியிலும் நான்கைந்து தண்டுகளை வளரவிட்டு, பிறகு வரும் தளிர்களை மட்டும் வெட்டுவார்கள். தாய்த்தண்டு முதிர்ந்து மஞ்சளானால், புதிய தண்டுகள் விரிந்து பச்சை பிடிக்கும்வரை கத்தி வைக்க மாட்டார்கள். ஹோட்டல்காரர் எத்தனை முறை தொலைபேசி எடுத்தாலும், அந்த வாரங்களில் இல்லை என்று சொல்லுங்கள். இதில் நான் இம்மியும் இறங்க மாட்டேன். நோயென்று எழுதி வருபவர்களிடம் முதலில் கேட்பதும் கத்தியைப் பற்றித்தான்.

அதே பாத்தியில் நடவே வேண்டாம். பியூசேரியம் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். பழைய வேர்கள் விட்டுச் செல்லும் பொருள்களும் புதிய அஸ்பரகஸை வளரவிடாது. வேறிடத்தில், மாரி மழை தேங்காதபடி மேட்டுப்பாத்தி போடுங்கள். நோய்ப்பட்ட தோட்டத்தில் பிரித்தெடுத்த கிழங்கு, அயலவர் அன்பாகத் தந்ததானாலும் வேண்டாம். விதை போட்டு நாற்றெடுங்கள். கிணற்றுநீர் சற்று உவர் என்று அஞ்சவேண்டியதில்லை, இந்தப் பயிர் உப்பை நன்றாகத் தாங்கும்.

புழு இருப்பது கத்தரியில்தான். காய் பறித்து முடிந்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் புழுவைக் குறைக்கும் சணப்பு விதையுங்கள்.