நோயாளி மனம்விட்டுச் சொன்னதை எவ்வளவு எழுதலாம்?

கேள்வி: மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து, அவர்களுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் வேலை எனக்கு. இத்தனை நாள் ஒரு சின்ன நோட்டில் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி குறித்து வைத்தேன். இனி டாக்டர்களும் நர்ஸுகளும் பார்க்கிற கணினிப் பதிவேட்டில்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். என்னை நம்பிச் சொன்னதை அங்கே எழுதுவது துரோகம் மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அதற்காக எழுதாமலே விட்டால், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு இரவு ஷிஃப்டுக்கு வருகிற நர்ஸுக்கு அந்த மனிதர் ஏன் சாப்பிட மறுக்கிறார் என்று தெரியாது, அவரும் அத்தனையையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிருக்கும்.

ஒருவர் தன் தவறால் மகனுடன் பத்து வருடமாகப் பேச்சில்லை என்று சொல்லி உடைந்துபோகிறார் என்று வையுங்கள். என்ன தவறு என்பது பதிவேட்டுக்குத் தேவையே இல்லை. "குடும்ப உறவு குறித்து ஆழ்ந்த வேதனை. மகனைப் பார்க்க விரும்புகிறார், தொடர்புகொள்ளச் சம்மதித்திருக்கிறார். அவர் வரும்வரை அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்கத் தயங்குகிறார். நாளை மறுபடி சந்திப்பேன்." இவ்வளவு போதும். இதை வைத்து மற்றவர்கள் ஏதாவது செய்ய முடியும். எதை எழுதப் போகிறீர்கள் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் நோயாளிகளே தங்கள் பதிவுகளை ஆன்லைனில் படிக்கிறார்கள், அதனால் அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்ட முடியாத வரியை எழுதவே வேண்டாம். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் கதை வேறு: உடனே டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள், எழுதுவது அப்புறம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவரும் சக மருத்துவர்களும் 1996இல் உருவாக்கிய 'ஃபிக்கா' என்ற கேள்விமுறை உதவும். நம்பிக்கை எது, வாழ்க்கையில் அதற்கு என்ன இடம், துணைக்கு எந்தச் சமூகம் இருக்கிறது, சிகிச்சையில் இதை எப்படிக் கவனிக்க வேண்டும் என நான்கே விஷயம். ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்காதீர்கள், தயவுசெய்து. பேசி முடித்து வெளியே வந்து நிரப்புங்கள்.

கேள்வி: எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எண்ணிக்கை கேட்கிறார்கள். இதை எண்ணத்தான் முடியுமா?

பதில்: ஓரளவு முடியும், செய்யவும் வேண்டும். பதிவில் இல்லாத வேலைக்கு ஆளோ நேரமோ ஒதுக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2002லேயே நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இந்தப் பணிக்கென்று குறியீடுகள் வந்துவிட்டன: மதிப்பீடு, துணையிருத்தல், ஆலோசனை, சடங்கு என்று. ஆனால் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால், மரணப் படுக்கையில் இருப்பவர் அருகே ஒன்றரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் 'ஒரு சந்திப்பு', வாசலில் நின்று வணக்கம் சொன்னதும் 'ஒரு சந்திப்பு' ஆகிவிடும். எடுத்துக்கொண்ட நேரத்தையும், யார் அழைத்து நீங்கள் போனீர்கள் என்பதையும் சேர்த்தே பதியுங்கள்.

கேள்வி: எங்கள் தன்னார்வலர்கள் வாட்ஸ்அப் குழுவில் தகவல் பகிர்ந்துகொள்கிறோம். பெயர் போடுவதில்லை, வார்டும் படுக்கை எண்ணும்தான். சரியா?

பதில்: சரியில்லை. படுக்கை எண் தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத நம்பிக்கையையும் உடல்நலத் தகவலையும் தனிப் பாதுகாப்பு தேவைப்படுபவை என்று வகுத்திருக்கிறது. உங்கள் குழுவில் இரண்டும் ஒரே செய்தியில் போகின்றன, அதுவும் சொந்த போன்களில். "வந்து பேசுங்கள்" என்பதற்கு மேல் எதையும் அங்கே போடாதீர்கள். ஏற்கெனவே போட்டதில் தேவையானதை மருத்துவமனைப் பதிவேட்டுக்கு மாற்றச் சொல்லிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், அவர் சரி என்றதும் எல்லா போன்களிலும் அழித்துவிடுங்கள், பேக்கப் உட்பட.