மல்லாந்து விழித்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 34-ஆவது வாரம். படுத்ததும் கால்களுக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. இடது பக்கமே படுக்க வேண்டும் என்கிறார்கள். நேற்று நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். தூக்க மாத்திரை போடலாமா டாக்டர்?

பதில்: நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் மகப்பேறு மருத்துவம் படித்து முடித்த பிறகு! பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது?

மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். 28 வாரத்துக்குமேல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது இதற்காகத்தான். இடதுதான் என்றில்லை, வலதும் சரியே. தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுத்தால் போதும். இடையில் விழித்து, மல்லாந்து கிடப்பது தெரிந்தால், திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. எனக்கு மூன்றாவதுதான் காவல்காரன், புரள விடாது. கணவர் கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டார், பரவாயில்லை.

அந்தக் கால் குறுகுறுப்பைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கெண்டைக்கால் சுண்டி இழுப்பது வேறு. அதற்குப் பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் விட்டுவிடும். நீங்கள் சொல்வது, அசைத்தால் மட்டுமே அடங்குகிற ஓய்வில்லாக் கால் தொல்லை. கர்ப்பத்தில் இதற்குப் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவே காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம்; ஃபெரிட்டின் பரிசோதனையில் தெரியும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கும் வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காதீர்கள், உடலில் இரும்பு ஏறாது. அளவை மட்டும் நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

தூக்க மாத்திரை வேண்டாம். சளி மருந்து குடித்தால் தூக்கம் வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மயக்கம் தரும் அந்த மருந்துகளில் சில, கால் குறுகுறுப்பை இன்னும் கிளறிவிடும். சிறுநீருக்கு எழுவது பிரசவம்வரை ஓயாது. பகலில் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, படுப்பதற்கு முன் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்துத் தூக்கம் கெட்டால், கல்லீரலில் பித்தநீர் தேங்குகிறதா என்று உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, நடுராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டியூட்டி டாக்டர் திட்ட மாட்டார். அந்த நேரத்தில் நாங்கள் விழித்திருப்பதே அதற்குத்தான்.