மாட்யூலை மாற்றியும் விளக்கு எரிகிறது: பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: என்னிடம் 2012 மாடல் கார் இருக்கிறது. சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) விளக்கும் டிராக்‌ஷன் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் வசதி) விளக்கும் சேர்ந்து எரியும். வண்டியை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் போய்விடும். சர்வீஸ் சென்டரில் ஏபிஎஸ் மாட்யூல் (அதை இயக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டி, பெரிய தொகையாக வாங்கிக்கொண்டார்கள். பத்தே நாளில் மறுபடி எரிந்தது. கொண்டுபோய்க் காட்டினால், "ஓட்டிப் பார்த்தோம், எதுவும் வரவில்லை. பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று மேனேஜர் எகத்தாளமாகப் பேசுகிறார். "எந்த நேரமும் பிரேக் பிடிக்காமல் போகலாம், குடும்பத்தோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்" என்று பல முறை மெயில் போட்டும் பதில் இல்லை. கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் முன் இடது சக்கர சென்சாரின் கனெக்டரைச் சுத்தம் செய்து, எரர் கோடுகளை (வண்டியின் கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளை) அழித்துக் கொடுத்தார். மூன்று வாரமாக விளக்கு வரவில்லை. அவர் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கட்டிய பணம் முழுவதும், மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் வேண்டும். மோசடி வழக்கும் போடலாமா?

பதில்: மேனேஜரின் எகத்தாளம், காக்கவைத்தது, மெயிலுக்குப் பதில் போடாதது எல்லாவற்றையும் முதலில் ஓரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அவற்றுக்குத் தனியாக விலை கிடையாது. மோசடி வழக்கையும் மறந்துவிடுங்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று காட்டினால்தான் அது நிற்கும். பழுதைத் தவறாகக் கணித்தவர் மோசடிக்காரர் ஆகிவிடமாட்டார். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட.

உங்கள் வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. மாட்யூலைக் கழற்றுவதற்கு முன்னால் அவர்கள் எதைச் சோதித்தார்கள்? அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

ஏன் என்று சொல்கிறேன். டிராக்‌ஷன் கண்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் ஒரே சக்கர சென்சார்களிடமிருந்துதான் வேகத்தை வாங்குகின்றன. ஒரு சக்கரத்தின் கணக்கு விட்டுவிட்டு வந்தால் இரண்டு விளக்குகளும் சேர்ந்தே எரியும். ஸ்கேனரில் "முன் இடது சக்கர சென்சார் சர்க்யூட்" என்று எரர் கோடு வந்தால், அந்தப் பாதையில் எங்கோ கோளாறு என்றுதான் பொருள். சென்சாராக இருக்கலாம், அது படிக்கும் பல்வளையம் துருப்பிடித்தோ விரிசல் விட்டோ இருக்கலாம், சக்கரம் திரும்பும்போது உராய்ந்து அறுந்த வயராக இருக்கலாம், தண்ணீர் புகுந்த கனெக்டராக இருக்கலாம், கடைசியாக மாட்யூலாகவும் இருக்கலாம். மற்றதையெல்லாம் பார்க்காமல் இருப்பதிலேயே விலை கூடியதை மாற்றியிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாடு அதுதான். ஆனால் முதல் நாள் ஸ்கேனில் மாட்யூலின் உள்கோளாறைக் காட்டும் எரர் கோடு பதிவாகியிருந்தால்? அவர்கள் செய்தது நியாயமான கணிப்பு. கணிப்பு பலிக்காமல் போனதற்காக மட்டும் யாரும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இரண்டில் எது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. சேவைக் குறைபாட்டைக் காட்ட வேண்டியவர் புகார்தாரர்தான் என்று எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டர் வேலை விவரம் எழுதும் சீட்டு), முதல் ஸ்கேன் அறிக்கை, கழற்றிய பழைய மாட்யூல் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "பழைய பாகம் வேண்டாம்" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்றும் பாருங்கள். பெரும்பாலானவர்கள் போட்டிருப்பார்கள், படித்திருக்கமாட்டார்கள்.

இனி உங்கள் பக்கத்து ஓட்டைகள்.

உங்கள் மெக்கானிக் நல்ல வேலை செய்திருக்கிறார். வழக்குக்கு மட்டும் கெட்ட வேலை. படத்தில் கனெக்டரின் பித்தளைப் பின் மீது பச்சைக் களிம்பு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அது எந்த வண்டியின் கனெக்டர்? நம்பர் பிளேட் இல்லை, சக்கரம் இல்லை, ஓடோமீட்டர் இல்லை, பின்னால் ஒரு சிமென்ட் தரை. எரர் கோடுகளை அழித்துவிட்டதால், எத்தனை முறை எந்தச் சக்கரத்துக்கு விளக்கு வந்தது என்ற பதிவும் போயிற்று. வண்டியே உங்களுக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். அந்த வாயை நீங்களே அடைத்துவிட்டீர்கள். மூன்று வாரமாக வரவில்லை என்பதும் ஆதாரம் ஆகாது. அவ்வப்போது வந்துபோகும் கோளாறு மூன்று வாரம் வராமல் இருப்பது அதன் இயல்பு. வழக்குப் போட்டு நான்காம் மாதம் விளக்கு மறுபடி எரிந்தால் "கனெக்டர்தான் காரணம்" என்ற உங்கள் வாதம் தரைமட்டம்.

இதைவிடப் பெரிய ஓட்டை அந்த மெயில்கள். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். எதிர்த்தரப்பைப் பயமுறுத்துவதாக நினைத்து அவர்கள் எழுதியதையே எதிர்த்தரப்பு வக்கீல் முதல் ஆவணமாகக் குறியிடுவார்.

மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் அது வேறு கதை. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கவில்லை என்றால், பிரேக் ஆயில் குறைவோ ஹைட்ராலிக் கோளாறோ இருக்கலாம், அங்கேயே நிறுத்த வேண்டும். உங்களுக்கு வந்தது மஞ்சள். நீங்கள் எழுதியதோ "எந்த நேரமும் பிரேக் பிடிக்காமல் போகலாம்". இனி கேள்வி எப்படி வரும் என்று பாருங்கள்: "பிரேக் போய்விடும் என்று நம்பினீர்களா?" ஆம் என்றால், "அப்புறம் ஏன் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாதக் கணக்கில் ஓட்டினீர்கள்?" இல்லை என்றால், "அப்படியானால் மெயிலில் எழுதியது பொய்தானே?" எந்தப் பதிலைச் சொன்னாலும் மன உளைச்சலுக்குக் கேட்ட தொகை அங்கேயே கரைந்துவிடும்.

விவகாரம் அதோடு நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190(1) பிரிவைப் படியுங்கள். ஆபத்து உண்டாக்கக்கூடிய குறை வண்டியில் இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் நிலையிலும், பொது இடத்தில் ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வழக்கமாக அரசுத் தரப்புக்குச் சிரமமான பகுதி "தெரிந்தும்" என்பதுதான். உங்கள் விஷயத்தில் தேதி நேரத்தோடு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். யாராவது இறந்துபோனால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு வரும், 5 ஆண்டு வரை சிறை. அங்கேயும் கவனக்குறைவுக்குச் சான்று தேட அவர்கள் வெளியே போக வேண்டியதில்லை.

காப்பீட்டு நிறுவனமும் இதே மெயிலைத் தேடும். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும், பழுதான வண்டியைச் சரி செய்யாமல் ஓட்டி அதனால் கூடிய சேதம் உங்கள் பொறுப்பு என்பது நம் நாட்டு வாகன பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. சொந்த வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் போடும்போது சர்வேயர் கையில் அந்த மெயில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே இனி எழுதும் கடிதத்தில் உயிர், ஆபத்து, குடும்பம் எதுவும் வேண்டாம். "இந்தத் தேதியில், இத்தனை கிலோமீட்டரில், இந்த இரண்டு விளக்குகள் எரிந்தன. பரிசோதித்து எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும்.

அடுத்த குழி, நிபுணர் பரிசோதனை. வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பு கேட்பது அதைத்தான். ஆணையம் ஒரு பொறியாளரை நியமித்தால் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள். அவர் வருவார், ஸ்கேன் செய்வார், கொஞ்ச தூரம் ஓட்டுவார், விளக்கு வராது. "பரிசோதனையின்போது குறை எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரியில் தோற்ற வழக்குகள் உண்டு, கட்சிக்காரர் சொன்னது முழுக்க உண்மையாக இருந்தும். உங்கள் மெக்கானிக்கைச் சாட்சியாக நிறுத்தலாமே என்பீர்கள். இன்று உற்சாகமாகத் தலையாட்டுவார். அபிடவிட்டில் கையெழுத்து என்றதும் போனை எடுக்கமாட்டார். அவருக்கும் அதே சந்தையில்தான் பிழைப்பு, அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். மாவட்ட ஆணையத்தில் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்பதால் பலர் துணிந்து போட்டுவிடுகிறார்கள். செலவு கட்டணத்தில் இல்லை, வாய்தாக்களில் இருக்கிறது. நியாயமான கேட்பு இது: மாட்யூல் மாற்றிய கூலி முழுவதும் திரும்ப வேண்டும், பாகத்தின் விலையில் ஒரு பகுதியும் வேண்டும். விலை முழுவதும் வராது, ஏனென்றால் புது மாட்யூல் உங்கள் வண்டியில்தானே இருக்கிறது. ஸ்கேன் அறிக்கையைத் தர மறுத்தாலோ, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்தாலோ உங்கள் கை ஓங்கும், கேட்பையும் கூட்டலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நோட்டீஸ், அப்புறம் புகார். புகார் போட்ட பிறகும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பேசிக்கொண்டே காலத்தைக் கடத்திவிடாதீர்கள். அதே சட்டத்தின் 69ஆம் பிரிவில் புகார் போட 2 ஆண்டு வரம்பு. மாட்யூல் மாற்றி வண்டியை உங்களிடம் கொடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் என்பது பலருக்கும் இருக்கும் தவறான நம்பிக்கை.

இதற்கிடையே விளக்கு மறுபடி எரிந்தால் வண்டியை அணைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். பக்கத்தில் இருப்பவரை டேஷ்போர்டையும் ஓடோமீட்டரையும் ஒரே வீடியோவில் எடுக்கச் சொல்லுங்கள். அன்றே, எரர் கோடை அழிக்காமல், ஸ்கேன் அறிக்கையை வண்டி எண்ணோடு அச்சிட்டு வாங்குங்கள். ஓட்டும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் காட்டச் சொன்னால், ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுவது திரையில் தெரியும். அந்த ஒரு படம் உங்கள் எல்லா மெயிலையும்விடப் பெரிய ஆயுதம். வீடியோவை எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023இன் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

சமரசக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்குள் புது மாட்யூலின் வாரண்டியையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வைப்பது வழக்கம். அந்த வரியில் "மாட்யூலின் வாரண்டி நீங்கலாக" என்று பேனாவாலேயே எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்திட்ட பிறகு பணத்தை வாங்குங்கள்.