ஐந்தும் ஐந்தும் பத்து லட்சமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. அம்மாவுடன் தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். பைபாஸ் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். நான் திருப்பூரில் மாதம் 26,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். முதலமைச்சர் காப்பீடாவது கிடைக்குமா? இரண்டிலும் சேர்ந்தால் 10 லட்சம் வருமா?

பதில்: 10 லட்சக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலிருந்து ஆயுஷ்மான் பாரத்தும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும் ஒன்றாகவே நடக்கின்றன. எந்த வழியாக வந்தாலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், அவ்வளவுதான். உங்கள் பங்காகப் பிரீமியம் எதுவும் கிடையாது.

ஆயுஷ்மான் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. அதில் பெயர் இல்லாததால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் மாநில வழியாகச் சேரலாம். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது.

சரி, யாருடைய வருமானம்? இங்கேதான் ரேஷன் கார்டு பேசும். அப்பாவும் அம்மாவும் தனிக் கார்டில் இருந்தால் அவர்கள்தான் ஒரு குடும்பம். அவர்கள் பெயர் உங்கள் கார்டில் இருந்தாலோ, உங்கள் சம்பளமே வருஷத்துக்கு 3,12,000 ஆகிவிடுகிறது, கதவு சாத்தியாயிற்று. இதற்காகவே அவசரமாகக் கார்டைப் பிரிக்கச் சொல்லும் புரோக்கர்கள் உண்டு. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்துகொண்டு அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பெற்றோர் உண்மையிலேயே தனியாக இருப்பவர்கள், அதனால் அந்தச் சிக்கல் இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறம் ரேஷன் கார்டு, இருவரின் ஆதார், வருமானச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போகவேண்டும். நகல் மட்டும் போதாது, அசலும் கையில் இருக்கட்டும்.

போகிறதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் ‘முத்தையா’, இன்னொன்றில் ‘முத்தய்யா’. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். இப்படி ஒரு எழுத்துக்காக உடம்பு முடியாதவரைத் திரும்பவும் பஸ் ஏற்றவேண்டி வரலாம்.

பைபாஸ் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் திட்டத்தில் இருக்கும் மருத்துவமனை எல்லாமே இதய அறுவை செய்யாது. எலும்புக்கு மட்டும் பதிவான இடமும் உண்டு. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் இதயத்துக்கு எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். அங்கே போனதும் பில்லிங் கவுன்டருக்குப் போகும் முன்பே காப்பீட்டு உதவி மேசைக்குப் போய்விடுங்கள். முன் அனுமதி வாங்குவது அவர்கள் வேலை. அது வருவதற்குள் முன்பணம் கட்டு என்றால், கட்டாமல் அதே எண்ணுக்கு இன்னொரு தடவை போன் போடுங்கள்.

வெளி நோயாளியாகப் போய் வாங்கும் மாதாந்திர மாத்திரைச் செலவு இதில் வராது. அதற்கு அரசு மருத்துவமனைதான்.