சுண்டெலிக்கு வழி நினைவிருக்கிறதா?

கேள்வி: புதிய மருந்து கொடுக்கப்பட்ட சுண்டெலிகள், நீர்த்தொட்டியில் மறைத்து வைத்த மேடையை விரைவாகக் கண்டுபிடித்ததால் அவற்றின் நினைவாற்றல் கூடிவிட்டது என்று ஒரு செய்தியில் படித்தேன். வேகமாக நீந்தியதாலும் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் அல்லவா?

பதில்: உங்கள் சந்தேகம் மிகவும் நியாயமானது. நீங்கள் குறிப்பிடும் சோதனைக்கு மோரிஸ் நீர்ப் புதிர்வழி என்று பெயர். ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் எலிகளுக்காக வடிவமைத்த இதில், பெயரில் புதிர்வழி இருந்தாலும், சந்து பொந்துகள் எவையும் கிடையாது. ஒரு வட்டத் தொட்டி, அடி தெரியாதபடி வெண்மையாக்கப்பட்ட நீர், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறிய மேடை, அறைச் சுவர்களில் பெரிய வடிவங்கள் வரைந்த அட்டைகள், அவ்வளவுதான். முதல் நாளில் சுண்டெலி தொட்டியின் ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தும். தற்செயலாக மேடை காலில் தட்டுப்பட்டால் ஏறி நின்று, பின்னங்கால்களில் எழும்பி நாலாபுறமும் பார்க்கும். சில நாள் பயிற்சிக்குப் பிறகு, எந்தப் பக்கத்திலிருந்து இறக்கிவிட்டாலும், சுவரிலுள்ள அடையாளங்களைக் கொண்டு மேடை இருக்கும் இடத்தை நோக்கி ஏறக்குறைய நேராகவே செல்லும்.

ஆனால் மேடையை அடைய எடுத்துக்கொண்ட வினாடிகளை மட்டும் காட்டி நினைவு கூடியது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். நீந்திய தூரத்தையும் வேகத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது, பயிற்சி முடிந்தபின் மேடையை எடுத்துவிட்டுச் செய்யும் சோதனை. பெரும்பாலும் 60 வினாடிகள் நடக்கும் இதில், தொட்டியை நான்கு சம பகுதிகளாகக் கணக்கிட்டால், எதுவும் நினைவில்லாத விலங்கு ஒவ்வொரு பகுதியிலும் சுமார் 25 விழுக்காடு நேரத்தையே செலவிடும். இடம் நினைவிலுள்ள விலங்கோ மேடை இருந்த பகுதியை விட்டு அகலாமல், அந்த இடத்தையே குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து தேடும். எவ்வளவு வேகமாக நீந்தினாலும், இடம் தெரியாத விலங்கு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காது.

பார்வையையும் சோதித்தாக வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சி3எச், எஃப்விபி ஆகிய சுண்டெலி இனங்களில் விழித்திரையைச் சிதைக்கும் மரபணு மாற்றம் உள்ளதால், அவை இளம் வயதிலேயே பார்வையை இழந்துவிடுகின்றன. சுவர் அட்டைகளால் அவற்றுக்கு என்ன பயன்? அதனால்தான் மேடையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் நீந்த விடுகிறார்கள். 1982-இல் மோரிஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதப்படுத்தப்பட்ட எலிகள் மறைந்திருந்த மேடையைக் கண்டுபிடிக்கத் திணறின. மேடை வெளியே தெரிந்தபோது அவற்றால் அதை நோக்கி நீந்த முடிந்தது. எலிகளுக்குக் கண்ணும் காலும் பழுதில்லை, இடநினைவில்தான் குறை என்பதை அந்த ஒப்பீடு தெளிவாக்கியது.

கேள்வி: தண்ணீரில் இறக்காமல் இதைச் சோதிக்க முடியாதா?

பதில்: முடியும். சுண்டெலியைப் பொறுத்தவரை அதுவே நல்லது என்பது என் கருத்து. எலியைப் போலச் சுண்டெலி திறமையான நீச்சல்காரன் அல்ல. சில சுண்டெலிகள் தேடாமல் அசைவின்றி மிதந்துகொண்டே இருக்கும். அதை மறதி என்று எண்ணிவிடக் கூடாது. கரோல் பார்ன்ஸ் 1979-இல் அறிமுகப்படுத்திய முறையில், பளிச்சென்ற வெளிச்சத்தில் ஒரு வட்டப் பலகை. அதன் விளிம்பைச் சுற்றித் துளைகள். ஒன்றின் அடியில் மட்டும் இருட்டுப் பெட்டி. திறந்த வெளிச்சத்தை விரும்பாத சுண்டெலி அந்தத் துளையைத் தேடி ஒளிந்துகொள்ளும். இதிலும் பதற்றம் உண்டு, நீர்த்தொட்டியைவிடக் குறைவு. ஆனால் ஒரு விலங்கை எடுத்தபின் பலகையை நன்றாகத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் போன சுண்டெலியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அடுத்தது போய்விடும். அளக்கப்படுவது நினைவாக இராமல் மோப்பமாகிவிடும்.